முதல் சேவலும் மழுங்கிய கத்தியும்

குஞ்சுகளாக வந்த 14 கோழிகளில் 9 சேவல்களாக வளர்ந்து, ஒன்றையொன்று கொத்தி இரத்தம் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், இறைச்சிக்காகவும்தான் இவற்றை வளர்த்தோம் என்பதை நான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பல ஆண்டுகளாகக் கோழி வளர்க்கும் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்.

அறுப்பதற்கு முன் ஏறத்தாழ 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும், தீனி கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நானோ, கடைசி வேளையாயிற்றே என்ற இரக்கத்தில் விடியற்காலையில் ஒரு கைப்பிடி சோளம் போட்டுவிட்டேன். குடல் எடுக்கும்போது, கோழியின் கழுத்தடியில் தின்ற தீனி தங்கும் தீனிப்பை கிழிந்து, ஊறிய சோளம் இறைச்சியெங்கும் சிதறியபோதுதான் அந்த இரக்கத்தின் விலை தெரிந்தது.

கத்தியை அவரிடம் நீட்டியதும், கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதில் தக்காளிகூட நசுங்கித்தான் போகும், தம்பி" என்றார். நான் கேட்கவில்லை. சேவலைத் தகரக் கூம்புக்குள் தலைகீழாக இறக்கினோம். இறக்கைகள் ஒடுங்கியதும் அது அடங்கிவிட்டது. தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், மூச்சுக்குழலைத் தொடாமல் இரத்தக் குழாய்களை மட்டும் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். கழுத்து இறகுகளை விலக்கிப் பிடிக்காததால் என் கத்தி அவற்றின் மீது வழுக்கி, தோலை மட்டும் கீறிவிட்டு நின்றது. சேவல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் தம் கத்தியை எடுத்து முடித்துவைத்தார். இதை எழுதும்போதும் அந்தச் சில நொடிகளுக்காக எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

இரத்தம் வடிய இரண்டு நிமிடமாவது விட வேண்டும். இடையில் உடல் பலமாக உதறியபோது நான் பதறினேன்; உயிர் அடங்கிய பிறகும் நரம்புகளால் வரும் உதறல் அது என்று அவர் விளக்கினார். பிறகு 60 முதல் 65 டிகிரி வரை சூடான நீரில் ஒரு நிமிடத்துக்குள் முக்கியெடுத்தோம். இறக்கையின் பெரிய இறகு இழுத்தவுடன் வந்தால் பதம் சரி. அதற்கு மேலும் வைத்திருந்தால் தோல் வெந்து, இறகோடு உரிந்துவிடும்.

குடல் எடுப்பதுதான் நான் அஞ்சியதைவிட எளிதாக இருந்தது. ஆசனவாயைச் சுற்றிக் கத்தியின் நுனியால் மேலோட்டமாகக் கீறி, கையை உள்ளே விட்டு, விலா எலும்பை ஒட்டியே விரல்களை நகர்த்தி, எல்லாவற்றையும் ஒரே கொத்தாக இழுக்க வேண்டும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும் என்பதால், அதை ஈரலின் ஒரு சிறு துண்டோடு சேர்த்தே வெட்டி எறிந்தோம்.

அன்று மாலையே சமைத்தது இன்னொரு தவறு. விறைப்பு நீங்காத இறைச்சி மெல்லவே முடியாதபடி இருந்தது. அடுத்த வாரம், கையின் முடியை மழிக்கும் அளவுக்குத் தீட்டிய கத்தியால் இரண்டாவது சேவலை நானே ஒரே இழுப்பில் அறுத்தேன். தொடை மூட்டு தளர்ந்து அசையும்வரை, ஒரு முழு நாள் குளிர்பெட்டியில் வைத்த பிறகே அடுப்பில் ஏற்றினேன்.