பிள்ளைகளோடு பூசைக்குப் போதல்

ஜேர்மனிக்கு வந்த புதிதில் முகவரி பதியச் சென்றபோது, பெயர், பிறந்த திகதி, திருமண நிலை ஆகியவற்றோடு மதம் எதுவென்றும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கத்தோலிக்கர் என்று பதிந்தவர் வேலைக்குப் போகத் தொடங்கினால், எங்கள் மாநிலமான வடக்கு ரைன் வெஸ்ட்பாலியாவில், அவருடைய வருமான வரியில் 9 சதவீதத்துக்குச் சமமான தொகை தேவாலய வரியாகச் சம்பளத்திலிருந்தே கழிக்கப்படும். யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான பாசையூரில் அந்தோனியார் கோயில் உண்டியலில் சில்லறை போட்டு வளர்ந்த எனக்கு, கணவரின் சம்பளத் துண்டில் எங்கள் வேதமும் ஒரு வரியாக அச்சாகி வருவது நெடுநாள் வேடிக்கையாக இருந்தது. வரி தானாகக் கழிந்துவிடும். பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்குவது அப்படித் தானாக நடப்பதில்லை.

ஊரில் அதை எனக்கு யாரும் இருத்திவைத்துப் பழக்கியதாக நினைவில்லை. விடியற்காலை மணியும், ஒலிபெருக்கிப் பாட்டும், பொழுதுபட்டதும் வீட்டுக்கு வீடு கேட்கும் செபமாலையும், ஜூன் 13ஆம் திகதித் திருவிழாவுக்காக ஒழுங்கையெல்லாம் கட்டும் கொடியுமே எங்களைப் பழக்கிவிட்டன. அம்மாவுக்கு நேரமில்லையென்றால் அம்மம்மா இருந்தார், அம்மம்மா அயர்ந்தால் பக்கத்து வீட்டு மாமி இருந்தார். இங்கே மூன்றாம் மாடியில், காலை ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்படும் கணவரோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும், அந்த மணியும் மாமியும் அம்மம்மாவும் நானே ஆக வேண்டியிருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மருத்துவக் காப்புறுதிச் செலவில் மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பார்க்கும் நல்ல வழக்கம் இந்த நாட்டில் உண்டு. பால் கொடுப்பதையும் தொப்புள் புண்ணையும் அவர் கவனித்துக்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் சரக்குத்தூள் ஊரிலிருந்து பொதியில் வந்தது. பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து நித்திரையாக்க மட்டும் என்னைத் தவிர வேறு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் கடினமான நாள். தமிழ்க் குருவானவர் பல நகரங்களையும் பார்க்க வேண்டியிருப்பதால் எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பூசை மாதத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும், அதுவும் சின்னவன் நித்திரை கொள்ளும் பின்னேரத்தில். மற்ற ஞாயிறுகளில் ஜேர்மன் பங்குக்கோயிலுக்குப் போகிறோம். பாசையூரில் குழந்தைகள் பாயில் இருப்பார்கள், அலுத்தால் வெளி மணலில் ஓடுவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே உயர்ந்த கல் கூரையின் கீழ், பெரும்பாலும் நரைத்த தலைகள் நிறைந்த வாங்குகளுக்கிடையே, ஒரு விளையாட்டுக் கார் விழுந்தால் அதன் சத்தம் பீடம் வரை போய்த் திரும்புகிறது. சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள்; இரண்டுக்கும் பழகிவிட்டேன். சுவரில் அன்றைய பாட்டுகளின் இலக்கங்களைக் காட்டும் பலகை ஒன்று இருக்கிறது. புதிதாக எண் படித்த என் மகன், குருவானவர் மௌனமாக நிற்கும் நேரம் பார்த்து அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக உரத்து வாசிப்பான். அந்த நேரத்தில், பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடித் திணறும் எனக்காக, மூத்தவள் சரியான பக்கத்தை விரித்து விரலால் காட்டிக்கொண்டிருப்பாள். உதைபந்தாட்டப் போட்டி ஞாயிறு காலையில் வரத் தொடங்கிய பிறகு வீட்டில் சண்டை மூண்டது. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போனால் ஞாயிற்றுக் கடமை நிறைவேறும் என்பதால் அந்தச் சண்டை ஓரளவு ஓய்ந்தது.

சிரமத்தை மட்டும் எழுதினால் பாதி பொய்யாகிவிடும். பாலர் பள்ளியிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் வேதம் எனக்கே புதியது. நவம்பர் 11ஆம் திகதியை ஒட்டி, தாங்களே ஒட்டிச் செய்த காகித விளக்குகளைத் தடியில் தூக்கிக்கொண்டு, குதிரையில் வரும் புனித மார்ட்டினின் பின்னால் இருட்டில் பாடிச் செல்கிறார்கள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்த உரோமைப் போர்வீரரின் கதையை மகன் நடித்துக் காட்டியபோது, எங்கள் வீட்டில் ஒரு நல்ல துவாய் போயிற்று. அந்த ஊர்வலத்தில் துருக்கிய வீட்டுப் பிள்ளைகளும் விளக்கோடு வருகிறார்கள். டிசம்பர் 6ஆம் திகதி வரும் புனித நிக்கொலாசுக்காக முதல் நாள் மாலையே சப்பாத்தை மினுக்கி வாசலில் வைப்பதில் எனக்குத் தனி இலாபமும் உண்டு: ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் சப்பாத்துகள் சொல்லாமலே துப்புரவாகின்றன. ஜனவரி தொடக்கத்தில் பிள்ளைகள் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று இராசாக்களாக வேடமிட்டு வீடு வீடாகச் சென்று, பிற நாட்டுச் சிறுவர்களுக்காகப் பணம் சேர்த்து, வாசல் நிலையின் மேல் அந்த ஆண்டின் எண்ணையும் ஆசீர்வாத எழுத்துகளையும் வெண்கட்டியால் எழுதுவது, 1959ஆம் ஆண்டு முதல் இந்நாடு முழுவதற்குமான இயக்கமாக நடந்துவருகிறது. என் மகள் தங்கத்தாள் முடியோடு எங்கள் வாசலிலேயே மணியடித்து, என்னைத் தெரியாதவள் போல நின்று பாடி முடித்து, உண்டியலை நீட்டினாள். ஐந்து யூரோ போட்டேன். எதிர் வீட்டார் பத்து போட்டார்கள் என்று படியிறங்கும்போதே சொல்லிவிட்டுப் போனாள்.

மூத்தவள் மூன்றாம் வகுப்பில் முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தமானபோதுதான் இரண்டு ஊர்களும் எங்கள் வீட்டில் நேருக்கு நேர் நின்றன. இங்கே ஆயத்தம் மாதக்கணக்கில் நடக்கிறது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பெற்றோரே வழிநடத்துகிறார்கள். என் ஜேர்மன் போதாது என்று தயங்கியும் என்னை விடவில்லை. மெழுகுதிரி அலங்கரிக்கும் நாளை என் பொறுப்பில் தந்தார்கள். நிற மெழுகுத் தாள்களைக் கத்தியால் வெட்டி, கைச்சூட்டில் இளக்கி மெழுகுதிரியில் ஒட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகள் மீன், கதிர், கிண்ணம் என்று ஒட்ட, என் மகள் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பனைமரம் கேட்டாள். ஓலைகள் மெல்லியவையாக இருந்ததால் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன; முடிந்தபோது அது பனையா தென்னையா என்று சொல்ல முடியாதிருந்தது.

அதற்குள் யாழ்ப்பாணத்தில் அம்மா, பேத்திக்கென்று வெள்ளைச் சற்றின் சட்டை, முக்காடு, பூமுடி எல்லாவற்றையும் தைப்பித்து, வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். எங்கள் பங்கிலோ எல்லாப் பிள்ளைகளும் கோயில் இரவலாகத் தரும் ஒரேமாதிரி வெள்ளை அங்கிதான் அணிய வேண்டும். யாருடைய உடுப்பு விலை கூடியது என்ற பேச்சு எழக்கூடாது என்பதற்காகவாம். அம்மா மனமுடைந்தார். என் மனமோ பங்கின் பக்கமே சாய்ந்தது, ஏனெனில் ஊரில் முதல் நன்மை உடுப்புக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வட்டிக்குக் கடன்பட்ட கடற்றொழிலாளர் வீடுகளை நான் அறிவேன். உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறன்று மகள் இரவல் அங்கியில் நன்மை வாங்கினாள். பின்னர் வந்த தமிழ்ப் பூசைக்குச் சற்றின் சட்டையில் போனாள். இரண்டு படமும் அம்மாவின் வீட்டுச் சுவரில் இருக்கின்றன, சற்றின் சட்டைப் படம் பெரிதாக.

ஆகஸ்ட் மாதத்தில், மாதாவின் விண்ணேற்புத் திருவிழாவை ஒட்டி, கேவலாருக்குப் போகிறோம். நெதர்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூர் 1642ஆம் ஆண்டு முதல் யாத்திரைத் தலமாக இருக்கிறது. தமிழர் யாத்திரை நாளில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். இலங்கையின் மாதா தலமான மடுவுக்கு வருவதுபோலவே சைவர்களும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள். மடு மாதாவைப் படங்களில் பார்த்திருந்த மகன் அங்கே பெரிய சுரூபம் ஒன்றைத் தேடினான். துயருறுவோரின் தேற்றரவான அந்த மாதா, உள்ளங்கையளவு காகிதத்தில் அச்சிட்ட படமாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். தூக்கிக் காட்டியபோது, இவ்வளவு சின்னவரா என்று தமிழில் கேட்டான். வரிசையில் நின்ற அக்காமார் சிரித்தார்கள். சாறிகளுக்கும் பொரித்த றோல்ஸ் பலகார மணத்துக்கும் நடுவே பிள்ளைகள் சத்தம்போட்டு ஓட, அந்த ஒரு நாள் நான் யாரையும் அடக்குவதில்லை.

வீட்டுச் செபமாலைதான் இன்னும் இழுபறியாக இருக்கிறது. இலங்கை நேரம் குளிர்காலத்தில் நாலரை மணியும் கோடையில் மூன்றரை மணியும் முந்தியிருப்பதால், சனிக்கிழமை பின்னேரம் வட்ஸ்அப்பில் அம்மாவை அழைத்துச் சேர்ந்து சொல்கிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளியில் பழகிய ஜேர்மன் செபம்தான் வாயில் ஓடுகிறது. அம்மாவுக்கோ பழைய தமிழ்தான் வரும். இப்போது பிள்ளைகள் முன்பாதியை ஜேர்மனில் சொல்ல, அம்மா “அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று பின்பாதியைப் பிடித்துக்கொள்கிறார். இணைப்பு இழுபட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், பிறகு எத்தனையாவது மணி என்று எவருக்கும் தெரியாது. பத்துப் பத்து மணியாகச் சொல்லும் ஐந்து காரணிக்கங்களில் மூன்றோடு சின்னவன் எழுந்து போய்விடுவான். மிச்ச இரண்டையும் தானே சொல்லி முடிப்பதாக அம்மா சொல்வார்.