வளவைத் தாண்டாத வைஃபை

காரைக்குடிப் பக்கத்துச் சிறு தொழில் செய்வோருக்கு, கம்பியில்லா இணையம் பற்றி நான் கற்றதைக் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு பழைய வீட்டில், முகப்பில் வைத்திருந்த ரவுட்டரின் அலை, வளவு எனப்படும் நடு முற்றப் பகுதியைக் கடந்து, அதன் பின்னுள்ள இரண்டாம் கட்டை எட்டவே இல்லை. "தம்பி, இன்னும் விலை கூடினதா வாங்கணுமா?" என்று ஆச்சி கவலையோடு கேட்டார்கள். தேவையில்லை. வைஃபை பொதுவாக வரும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில், 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானதுதான். ஆனால் இத்தனை தடித்த சுவர்களில் அது 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அதிகமாக வலுவிழக்கும். அலையை வாங்கி மேலும் தள்ளி அனுப்பும் ரிப்பீட்டரும் நல்ல தீர்வன்று. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகையில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். தேக்குத் தூண்களுக்குச் சேதமின்றி, தாழ்வாரத்து ஓரமாகக் கேபிள் இழுத்து, இரண்டாம் கட்டில், கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் தனி ஆக்சஸ் பாயின்ட் வைத்தோம். கடைசி அறை வரை இணைப்பு கிடைத்தது.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் சிக்கல் வேறு: அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தும் அலைவரிசைக்குள் உள்ள தடங்களில் ஒன்றான 6ஆம் சேனலில் நெருக்கியடித்தன. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படியாதவை என்பதால், 1க்கு மாற்றியதே போதுமானதாயிற்று.

இரு இடங்களிலும், பில் போடும் கணினியிலிருந்து விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்துக் கொடுத்த பிறகே கிளம்பினேன்.