ரசீது இல்லாத பயணங்கள்: ஃபுகுஷிமா இழப்பீட்டுக்கு விண்ணப்பித்த அனுபவம்

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா தாய்இச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கியபோது நானும் மனைவியும் நான்கு வயது மகளும் அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மேற்கே உள்ள கோரியாமா நகரில் குடியிருந்தோம். 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தவர்களை அரசு வெளியேற்றியது. எங்களை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. இருக்கலாம் என்று உறுதியாகச் சொல்லவும் இல்லை. ஏப்ரல் 19 அன்று, பள்ளிகளுக்கான கதிர்வீச்சு அளவுகோலாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற கணக்கை அரசு அறிவித்ததும் மனைவி முடிவெடுத்துவிட்டார். அவரும் மகளும் ஒசாகாவுக்குப் போனார்கள். வேலையை விட முடியாத நான் கோரியாமாவிலேயே தங்கினேன். இப்படித் தாயும் பிள்ளையும் மட்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அந்த மாவட்டத்தில் ஏராளம். எங்களைப் போன்றவர்களுக்கு அரசு ஆவணங்களில் வைக்கப்பட்ட பெயர் 'தன்னிச்சையாக வெளியேறியோர்'. அந்தச் சொல்லின் கனம் விண்ணப்பம் எழுதத் தொடங்கிய பிறகே எனக்கு உறைத்தது.

முதலில் நான் நிரப்பிய படிவம் என்னுடையதன்று. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில், அந்த வட்டத்துக்குள் இருந்த தொமியோகா ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் நகரின் தற்காலிகக் குடியிருப்பில் தங்கியிருந்த முதியவர் ஒருவருக்கு, அவருடைய உறவினர் கேட்டுக்கொண்டதால், மாலை வேளைகளில் உதவப் போனேன். அணுமின் நிலையத்தை இயக்கிய மின் நிறுவனம் அனுப்பியிருந்த படிவம் ஏறத்தாழ 60 பக்கம். அதை நிரப்புவது எப்படி என்று விளக்கும் கையேடு 156 பக்கம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன்" என்றார். வீட்டை விட்டு ஓடிய இரவில் எந்த வண்டியில் போனீர்கள், எங்கே தங்கினீர்கள், என்ன செலவானது, ரசீது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் பசுக்களை விட்டுவிட்டு வந்தவரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதோடு, பணம் பெறும்போது ஒப்பமிட வேண்டிய தாளில், இனி எவ்வித ஆட்சேபமும் எழுப்பமாட்டேன் என்னும் பொருளில் ஒரு வாசகம் இருந்தது. பலத்த கண்டனத்துக்குப் பிறகே அது நீக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் அடித்தளம் 1961ஆம் ஆண்டின் அணுசக்தி இழப்பீட்டுச் சட்டம். அதன்படி, அணு உலையால் நேரும் சேதத்துக்கு அதை இயக்கும் நிறுவனமே, தவறு செய்ததா இல்லையா என்ற விசாரணைக்கு இடமின்றி, வரம்பற்ற பொறுப்பை ஏற்க வேண்டும். இது பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமான விதி என்று வழக்கறிஞர்கள் விளக்கினார்கள். உண்மைதான், நான் நிறுவனத்தின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால், படிவத்தின் எந்தப் பக்கத்திலும் 'ஏன் நடந்தது' என்ற கேள்வி எழவே இல்லை. நாடாளுமன்றம் அமைத்த சுயேச்சை விசாரணைக் குழு, குரோகாவா கியோஷியின் தலைமையில், 2012 ஜூலையில் இதை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே எழுதியது. நிறுவனத்தின் உள்கணக்கு ஒன்று 15.7 மீட்டர் உயர அலை வரக்கூடும் என்று 2008லேயே காட்டியிருந்ததும், உலைகள் நான்கு நின்ற தரை கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரமே என்பதும் பிற்பாடு வெளிவந்தன. பணம் தரும் வழி ஒன்றாகவும் பொறுப்பைக் கேட்கும் வழி வேறொன்றாகவும் பிரிந்து கிடந்தன. முதல் வழியில் இறங்கியவன் இரண்டாவதை எட்டிப் பார்க்கக்கூட நேரமின்றி ரசீது தேடிக்கொண்டிருந்தான்.

எங்களுக்கான தொகையை, இழப்பீட்டுத் தகராறுகளை ஆராய அரசு அமைத்த குழு 2011 டிசம்பரில் வழிகாட்டலாக வெளியிட்டது. எங்கள் நகரம் உள்ளிட்ட 23 உள்ளாட்சிப் பகுதிகளில், சிறாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவ்வாண்டு இறுதி வரைக்குமாக 400,000 யென். மற்றவர்களுக்கு, விபத்தின் தொடக்கக் காலத்துக்கு மட்டும், 80,000 யென். அந்தத் தொடக்கக் காலம் ஏப்ரல் 22 வரை என்று கொள்ளப்பட்டது. அதாவது பெரியவர்களின் அச்சம் அந்த வெள்ளிக்கிழமையோடு தீர்ந்துவிட்டதாகக் கணக்கு. வெளியேறியவருக்கும் தங்கியவருக்கும் வழிகாட்டலில் ஒரே தொகைதான். எனவே ஒசாகாவில் கட்டிய வாடகையோ, மாதம் இருமுறை நான் இரவுப் பேருந்தில் போய்வந்த செலவோ தனியாகக் கணக்கில் வரவில்லை. 2012 வசந்தகாலத்தில் இந்தத் தொகைக்கான படிவம் வந்தது. அது சிறியது, நிரப்ப எளியது. பணமும் வந்தது.

உண்மைச் செலவைக் கேட்பதென்றால் அணுசக்தி இழப்பீட்டுத் தகராறு தீர்வு மையத்திடம் போக வேண்டும் என்று இலவசச் சட்ட ஆலோசனை முகாமில் சொன்னார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துவைக்கும் அமைப்பு அது, கட்டணம் கிடையாது, அதன் ஃபுகுஷிமா அலுவலகம் எங்கள் ஊரிலேயே இருந்தது. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கியிருக்கும்போது வெளியேறிய குடும்பம் கூடுதலாகக் கேட்பதா என்ற தயக்கம்தான் காரணம். குடிமைச் சட்டப்படி மூன்றாண்டில் உரிமை காலாவதியாகிவிடும் என்ற பேச்சு பரவியபோதுதான், 2013 கோடையில் உட்கார்ந்து எழுதினேன். அதைப் பத்தாண்டாக நீட்டிக்கும் தனிச்சட்டம் அந்த டிசம்பரில் நிறைவேறியது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று மனைவி இன்றும் கேலி செய்வதுண்டு.

விண்ணப்பம் எழுதுவது கடினமாக இல்லை. சான்று திரட்டுவதுதான் கடினமாக இருந்தது. வாடகைக்கு ஒப்பந்தம் இருந்தது. மகள் சேர்ந்த மழலையர் பள்ளிக்கு ரசீது இருந்தது. பயணங்களுக்குத்தான் ஒன்றுமில்லை, இரவுப் பேருந்துச் சீட்டை இறங்கும்போது ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவது வழக்கம், அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அந்த நாட்களில் யாருக்குத் தோன்றும்? வங்கிப் புத்தகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பணம் எடுத்த வரிகளை அடிக்கோடிட்டு அனுப்பினேன். மையத்தின் விசாரணை அலுவலர் தொலைபேசியில் அழைத்து, பணிவாகவே, "பணம் எடுத்தது தெரிகிறது, போனது தெரியவில்லையே" என்றார்.

அன்றிரவு மனைவி ஒரு பெட்டியைத் தேடி எடுத்தார். மழலையர் பள்ளியில் ஆசிரியரும் பெற்றோரும் மாறிமாறி எழுதும் தொடர்பு நோட்டு அதில் இருந்தது. முயல் படம் போட்ட அட்டை, ஓரத்தில் பால் சிந்திய கறை. திங்கட்கிழமைப் பக்கங்களைப் புரட்டினோம். 'இன்று அப்பா திரும்பிப் போய்விட்டார் என்று சொல்லி மதியம் சாப்பிட மறுத்தாள்.' 'அப்பா வாங்கிக்கொடுத்த காலணியை எல்லோருக்கும் காட்டினாள்.' 'அப்பாவின் பேருந்து எப்போது வரும் என்று கேட்டாள்.' தேதி, ஆசிரியரின் முத்திரை, எல்லாமே இருந்தன. 31 பயணங்கள் அந்த நோட்டிலிருந்து தேறின. சாப்பிட மறுத்த பக்கத்தையும் நகலெடுத்து, எண்ணிட்டு, 'சான்று 14' என்று மூலையில் எழுதினேன். அந்த எண்ணை எழுதும்போது உண்டான உணர்வுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஏழு மாதம் கழித்துச் சமரச முன்மொழிவு வந்தது. பயணச் செலவு பெரும்பாலும் ஏற்கப்பட்டது. இரட்டைக் குடித்தனச் செலவில் ஒரு பகுதி ஏற்கப்பட்டது. மன உளைச்சலுக்குக் கேட்டது ஏற்கப்படவில்லை. முன்மொழிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, மறுத்துவிடலாம். விபத்தால் வெளியேற்றப்பட்ட நாமியே நகரவாசிகள் ஏறக்குறைய 15,000 பேர் சேர்ந்து கொடுத்த விண்ணப்பத்துக்கு 2014இல் மையம் சாதகமான முன்மொழிவு தந்தும், நிறுவனம் தொடர்ந்து மறுத்ததால் 2018இல் அது பலனின்றி முடிந்தது. காத்திருந்த காலத்தில் இறந்துபோனவர்கள் பலர். என் தொகை சிறியது என்பதாலோ என்னவோ ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் தொகை, தேதி, வங்கிக் கணக்கு எண் ஆகியவை மட்டுமே இருந்தன.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். அரசு 2011இல் நிறுவிய கழகம் ஒன்றின் வழியாக நிறுவனத்துக்கு நிதி தருகிறது. அதைத் திருப்ப, அணு உலை வைத்திருக்கும் மற்ற மின் நிறுவனங்களும் ஆண்டுதோறும் பங்களிக்கின்றன. அந்தப் பங்களிப்பு கட்டணத்தில் ஏறுகிறது. ஆக, ஒசாகா வீட்டு மின்கட்டணத்தில் என் இழப்பீட்டின் ஒரு துளியை நாங்களே கட்டிக்கொண்டிருந்தோம்.

பொறுப்பைக் கேட்கும் மற்ற வழியை நான் தொலைவிலிருந்தே பின்தொடர்ந்தேன். 2017 மார்ச்சில் மாயேபாஷி மாவட்ட நீதிமன்றம் அரசுக்கும் பொறுப்புண்டு என்று முதன்முதலாகத் தீர்ப்பளித்தது. வேறு நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இரு பக்கமும் சாய்ந்தன. 2022 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு வழக்குகளில் அரசுக்குப் பொறுப்பில்லை என்று முடிவு செய்தது. அரசு உத்தரவிட்டுக் கடற்சுவர் எழுப்பியிருந்தாலும், கணித்ததைவிட உண்மையில் வந்த அலை பெரியது என்பதால் விபத்தைத் தடுத்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்பது மூன்று நீதிபதிகளின் வாதம். நீர் புகாத கதவுகளையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டுமே என்று நான்காமவரான மியூரா மாமொரு மாறுபட்டு எழுதினார். எனக்கு அந்த மாறுபட்ட கருத்தே தீர்ப்பாகப் பட்டது. மின் நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரிகள் மீதான குற்றவியல் வழக்கும் 2025 மார்ச்சில் விடுதலையாகவே முடிந்தது.

இதற்கிடையே, நிறுவனம் வழிகாட்டலைவிடக் கூடுதலாகத் தர வேண்டும் என்ற தீர்ப்புகள் 2022 மார்ச்சில் உறுதியானதால், அந்த டிசம்பரில் வழிகாட்டல் திருத்தப்பட்டது. எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கான 80,000 யென் 200,000 ஆயிற்று. ஏப்ரல் 22 வரை என்றிருந்த காலமும் 2011 டிசம்பர் இறுதி வரை நீண்டது. 2023இல் வித்தியாசத் தொகைக்கு நானும் மனைவியும் மறுபடியும் விண்ணப்பித்தோம். இம்முறை எந்தச் சான்றும் இணைக்க வேண்டியிருக்கவில்லை. முயல் நோட்டு பெட்டியிலேயே கிடந்தது. பதினாறு வயது மகள் அருகில் வந்து, தன் பெயர் எங்கே என்று கேட்டாள். சிறாருக்கான தொகையில் திருத்தம் இல்லை என்று சொன்னேன்.