பிக்கப்பில் கூடுதல் விளக்கு: ஆறு வாரம் செய்து பார்த்தது

என் பிக்கப்போடு வந்த ஹெட்லைட் தார் ரோட்டுக்குப் போதும். மண் பாதையில் இறங்கினால்தான் அதன் குறை தெரியும். மேடு ஏறும்போது வெளிச்சம் மரக்கிளைக்குப் போய்விடும். வளைவில் அது நேரே போகும், பாதை பக்கத்தில் திரும்பி இருட்டுக்குள் கிடக்கும். பள்ளம் எது, நிழல் எது என்று தெரியாமல் பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டுவேன். இதைச் சரிசெய்ய ஆறு வாரம் ஆனது. அதில் முதல் இரண்டு வாரம் நான் மாட்டியதைக் கழற்றுவதிலேயே போனது.

முதல் இரண்டு வாரம்: கூரையில் லைட் பார்

ஒன்றேகால் மீட்டர் நீள எல்.இ.டி. லைட் பாரைக் கூரையில் மாட்டினேன். நல்லவேளையாகத் துளை போடவில்லை, கேரியர் கம்பியில் கிளாம்ப் வைத்துத்தான் கட்டினேன். முதல் இரவு ஸ்விட்சைப் போட்டதும் வண்டிக்கு முன்னால் பகல் மாதிரி ஆகிவிட்டது. அசந்துபோனேன். அரை மணி நேரம் ஓட்டிய பிறகுதான் கண் வலிப்பது தெரிந்தது. கூரையிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கு பானெட்டில் பட்டு நேராக என் கண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு வண்டி புழுதி கிளப்பிப் போனால் இன்னும் மோசம், வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பது போலிருக்கும். விளக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பதால் தூசியில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறது. ஃபாக் லேம்ப்பைப் பெரும்பாலும் பம்பரில் தாழ்வாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தூரமாவது தெரிகிறதா என்று ஒரு சோதனை செய்தோம். நண்பன் ஒருவன் பழைய சாம்பல் நிறச் சாக்கைக் கிழித்து எட்டுக் குச்சிகளில் கட்டினான். வெள்ளைத் துணி வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பாதையில் குறுக்கே வருவது பெரும்பாலும் கல்லும் கட்டையும்தான், அவை வெள்ளையாக இருப்பதில்லை. நேரான பாதையில் 20 மீட்டருக்கு ஒன்றாக 160 மீட்டர் வரை நட்டோம். ஹை பீம் மட்டும் போட்டபோது ஐந்தாவது சாக்கு, அதாவது 100 மீட்டர், தெரிந்தது. லைட் பாரையும் சேர்த்துப் போட்டதும் அவன் கேட்டான்: "இப்போ எத்தனைடா தெரியுது?" நான் எண்ணினேன். நாலுதான். அவன் நம்பவில்லை, வந்து என் சீட்டில் உட்கார்ந்து அவனே எண்ணிப் பார்த்தான். நாலுதான்.

வெளிச்சத்தைக் கூட்டியதும் பார்வை குறைந்தது! யோசித்தால் விஷயம் எளிது. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தரை பளீரென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப அமைந்துகொள்ளும், கண்மணி சுருங்கும். தூரத்தில் இருக்கும் மங்கலான பொருள் அப்போது இருட்டோடு கலந்துவிடும். அன்றைக்கே முடிவு செய்தேன்: எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாம் வாரம்: கணக்குப் போட்டு விளக்கு தேர்ந்தெடுத்தது

மண் பாதையில் நான் போகும் அதிக வேகம் மணிக்கு 60 கி.மீ. அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடும். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போக இரண்டு விநாடி என்று தாராளமாக வைத்தால் 33 மீட்டர். சரளை மண்ணில் டயரின் பிடிமானத்தை (உராய்வுக் கெழு) 0.4 என்று எடுத்துக்கொண்டால் நிற்பதற்கு இன்னும் 35 மீட்டர். ஆக, 70 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்கு மேல் இன்னொரு மடங்கு தூரம் அடையாளமாவது தெரிய வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 38 மீட்டரில் முடிந்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் தூரம் அடிக்கும் ஸ்பாட் லைட் எனக்குத் தேவையே இல்லை. அதன் ஒளிக்கற்றை பத்து டிகிரி அளவுக்குக் குறுகலானது. திறந்த வெளியில் வேகமாக ஓடுபவர்களுக்கு அது சரி. வளைந்து வளைந்து போகும் பாதையில் அது மரத்தைத்தான் காட்டும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லூமன் (மொத்த ஒளியின் அளவு) எண்ணை நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பல தயாரிப்புகளில் அது உள்ளே இருக்கும் சிப்புகளின் கணக்குக் கூட்டல்தான். விளக்கின் கண்ணாடியில் வீணாவது, சூட்டில் குறைவது எதுவும் கழிக்கப்படாத எண். ஒரு விளக்கு ஒளியை எப்படிக் குவிக்கிறது என்பதும் அதில் வராது. அதைவிட '1 லக்ஸ் எத்தனை மீட்டரில்' என்ற எண் உதவும். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு. முழு நிலவின் வெளிச்சம் தோராயமாகக் கால் லக்ஸ்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் 1 லக்ஸ் எப்படியிருக்கும் என்று பிடிபடும். தூரம் பாதியானால் லக்ஸ் நாலு மடங்காகும். 1 லக்ஸை 400 மீட்டரில் தரும் விளக்கு 200 மீட்டரில் 4, 100 மீட்டரில் 16 தரும். எனக்கு அது தாராளம்.

கடைசியில் எடுத்தது இரண்டு ஜோடி. ஒன்று, ஏழு அங்குல வட்ட டிரைவிங் லேம்ப், ஒவ்வொன்றும் 55 வாட் எல்.இ.டி. இதன் ஒளி ஸ்பாட்டைவிட அகலம், பக்கவாட்டில் பரந்து விழும் ஃப்ளட்டைவிட நீளம். இன்னொன்று, 20 வாட் மஞ்சள் ஃப்ளட், பம்பரின் இரு மூலையிலும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்க.

மஞ்சள் ஒளி தூசியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பலரும் சொல்வார்கள். தூசித் துகளும் மூடுபனித் துளியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, அதனால் நிறத்தை மாற்றினால் சிதறல் பெரிதாக மாறாது. ஆனாலும் நான் மஞ்சளைத்தான் தேர்ந்தெடுத்தேன். நீலம் குறைந்த ஒளியில் என் கண் கூசுவது குறைகிறது, இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் களைப்பு தெரியவில்லை.

நான்காம் வாரம்: பம்பரில் பொருத்தியது

விளக்குகளைப் பம்பருக்குக் கொண்டுவந்ததில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. தாழ்வாக இருக்கும் விளக்கு தரையில் நீளமான நிழல் போடும். நாலு விரல் ஆழமுள்ள சக்கரத் தடம்கூட ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். கூரை விளக்கு மேலிருந்து அடிப்பதால் நிழலையே அழித்துவிடும், பாதை சமமாக இருப்பது போலத் தோன்றும்.

மாட்டும் இடம் பார்க்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமல் இருக்க வேண்டும், நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் அட்டையில் விளக்கின் அளவுக்கு வட்டம் வெட்டி ஒட்டிப் பார்த்தே முடிவு செய்தேன்.

துளை போடுவதில் அவசரப்படவில்லை. சென்டர் பஞ்ச்சால் ஒரு அடி, 4 மி.மீ. பிட்டில் வழித்துளை, பிறகு 8.5 மி.மீ. அரத்தால் விளிம்பின் பிசிரை எடுத்துவிட்டு, உள்விளிம்பு முழுக்க துத்தநாக பிரைமரை சின்ன பிரஷால் இரண்டு தடவை பூசினேன். துரு ஆரம்பிப்பது அந்த வெட்டிய விளிம்பில்தான். போல்ட் 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ், நைலான் வளையம் உள்ள லாக் நட். விளக்கின் பிராக்கெட் அலுமினியம். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் பொரிந்துவிடும், அதனால் இடையில் நைலான் வாஷர் கொடுத்தேன்.

முதல் ஓட்டத்தில் வெளிச்சம் நடுங்கியது. கரடுமுரடான பாதையில் எதிரே இருந்த மரமெல்லாம் துடிப்பது போல இருந்தது. விளக்கு ஒவ்வொன்றும் ஒரே காலில், 2 மி.மீ. தகட்டில் நிற்கிறது. எடை முழுக்க மேலே இருக்கிறது. கையால் தலையைப் பிடித்து ஆட்டியதும் தகடு வளைவது கண்ணுக்கே தெரிந்தது. விளக்கின் மேற்புறத்திலிருந்து முன் கம்பிக்கு ஒரு தாங்கு கம்பி கொடுத்தேன். தகட்டையும் 4 மி.மீ.க்கு மாற்றினேன். நடுக்கம் நின்றது. விளக்கு வாங்கும்போதே மேலே இன்னொரு போல்ட் போட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் வாரம்: ஒயரிங்

இரண்டு டிரைவிங் லேம்ப்பும் சேர்ந்து 110 வாட். என்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் என்றால் சுமார் 8 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதைத் தள்ளி வைத்தால் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே உள்ள துண்டு காவல் இல்லாமல் கிடக்கும். அது எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். மஞ்சள் ஜோடிக்குத் தனி ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), 5 ஆம்பியர் ஃப்யூஸ்.

ரிலேயில் 30-ம் கால் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85 எர்த்துக்கு, 86 ஸ்விட்சிலிருந்து வரும் சிக்னலுக்கு. டிரைவிங் லேம்ப் ஸ்விட்சுக்கு மின்சாரத்தை ஹை பீம் ஒயரிலிருந்து எடுத்தேன். எதிரே வண்டி வந்து டிம் செய்தால் இவையும் தானாக அணைந்துவிடும். இந்த ஏற்பாட்டைப் பல நாடுகளின் விதிகளே கேட்கின்றன. என் வண்டி பழைய ஹாலஜன் சர்க்யூட், அதனால் சிக்கல் இல்லை. ஹெட்லைட்டைக் கணினி விட்டுவிட்டுத் துடிப்பாக இயக்கும் புது வண்டிகளில் இப்படி எடுத்தால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளலாம். அதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இணைப்புகளில் சால்டர் வைக்கவில்லை. ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்த இடத்தில்தான் அதிர்வு தாங்காமல் இழை முறியும். நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்தி, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட்டேன்.

எல்லாம் முடிந்து மூன்றாம் இரவு வலது மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. விளக்கைத்தான் சந்தேகப்பட்டேன். இடதும் வலதும் மாற்றி மாட்டினேன், கோளாறு வலப்பக்கத்திலேயே நின்றது. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து, விளக்கு எரியும்போது அதன் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தேன். 1.8 வோல்ட்! எர்த் நன்றாக இருந்தால் அங்கே ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட வரக்கூடாது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒயர் முனையில் உள்ள லக்குக்குக் கீழே பெயின்ட் அப்படியே இருந்தது, மரையின் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஒரு கோடு பளபளத்தது. அந்தக் கோடு வழியாகத்தான் இத்தனை நாள் மின்சாரம் போயிருக்கிறது. கம்பி பிரஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் உள்ள ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மீட்டர் 0.06 காட்டியது. மற்ற மூன்று எர்த்தையும் அன்றே கழற்றித் தேய்த்துவிட்டேன்.

தண்ணீர் பற்றியும் ஒன்று. ஐபி67 (தூசி, தண்ணீர் புகாமைக்கான தரக் குறியீடு) என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. ஆனால் எரிந்து சூடாக இருக்கும் விளக்கு திடீரென்று குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீலில் பழுது இருந்தால் அந்த வழியே தண்ணீரை இழுக்கும். கடப்பதற்குச் சில நிமிடம் முன்பே கீழ் விளக்குகளை அணைத்து ஆறவிடுகிறேன்.

ஆறாம் வாரம்: குறி வைத்தது

சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினேன். டேங்கை நிரப்பி, வழக்கமாகப் பின்னால் ஏற்றும் சாமான் எல்லாம் ஏற்றியபடிதான் நிறுத்தினேன். காலி வண்டியில் குறி வைத்தால் பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும், வெளிச்சம் கிளைக்குப் போய்விடும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டி, ஒளியின் மிகப் பிரகாசமான புள்ளி அதற்கு 8 செ.மீ. கீழே விழும்படி வைத்தேன். ஒன்றை மூடிவிட்டு ஒன்றாகச் செய்தால்தான் எது எங்கே விழுகிறது என்று தெரியும். மஞ்சள் விளக்கை வெளியே 35 டிகிரி அளவுக்குத் திருப்பி, பானெட்டுக்கு நேர் முன்னால் வெளிச்சம் கொட்டாதபடி பார்த்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரத்தில் கண்ணைக் கட்டிய அந்தப் பளீர் தரை மறுபடி வரக்கூடாது.

பிறகு அதே பாதை, அதே சாக்குகள். ஹை பீமும் டிரைவிங் லேம்ப்பும் போட்டபோது எட்டாவது சாக்கு, 160 மீட்டர், தெரிந்தது. மஞ்சளையும் போட்டேன். எட்டாவது அப்படியே இருந்தது, வலப்பக்க வளைவின் உள்ளே ஒரு வெட்டுமரம் கிடப்பதும் தெரிந்தது. நண்பன் எதுவும் சொல்லாமல் இறங்கிப் போய் அந்தக் கட்டையைத் தொட்டுவிட்டு வந்தான்.

பொதுச் சாலையில் ஏறுவதற்கு முன் நாலுக்கும் மூடி போடுகிறேன். விதி நாட்டுக்கு நாடு மாறும். ஐ.நா. வாகன விதி 48-ல் ஒரே நேரத்தில் எரியும் ஹை பீம் விளக்குகள் எல்லாம் சேர்ந்து 4,30,000 கேண்டெலாவை (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு) தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு உண்டு. விளக்கை மாட்டும் முன் அவரவர் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டோடு சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தேன். நேற்று 300 கி.மீ. ஓட்டம் முடிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாக் கோடும் நேராக இருக்கின்றன, இடது தாங்கு கம்பியின் மேல் நட்டில் மட்டும் ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. அந்த நட்டைப் புதிதாக மாற்றி இறுக்கி, பக்கத்தில் சிவப்பில் இன்னொரு கோடு இழுத்திருக்கிறேன். அடுத்த 300-ல் பார்க்க வேண்டும்.