பழக்கத்துல சொல்றீங்களாண்ணே?

"அண்ணே, ரப்பர்தான் நல்லதுன்னு தெரிஞ்சு சொல்றீங்களா, பழக்கத்துல சொல்றீங்களா?"

என் பட்டறைக்குக் காடி (கார்) கொண்டுவந்த ஒரு தங்கச்சி கேட்டது இது. மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. அதனால்தான் இன்னும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. குத்திக் கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன்.

காடி 1992 யூனோஸ் ரோட்ஸ்டர். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று காட்டிய அதே காடிதான். ஜப்பானில் யூனோஸ் பெயரில் விற்றார்கள். 1.6 லிட்டர் இஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்றாக ஆர்ம் பிடித்திருக்கும். அந்த ஆர்ம் காடியோடு சேரும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். இவ்வளவு லேசான காடியில் பின்பக்க புஷ் செத்துப்போனால் ஒளித்து வைக்க முடியாது. கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள உலு யாம் ரோட்டில் வளைவின் நடுவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தானாகக் கொஞ்சம் திரும்புகிறது என்றார் தங்கச்சி. ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. ரப்பர் தளர்ந்தால் ஆர்ம் தன் இடத்தில் நிற்காது. இழுக்கும்போது ஒரு பக்கம், விடும்போது மறுபக்கம் நகரும். அதோடு சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் உள்ளே வெளியே பார்த்து நிற்கும் கோணம், மாறும். ஸ்டீரிங்கைத் தொடாமலே பின்சக்கரம் காடியைத் திருப்பும்.

அவர் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக், சுருக்கமாகப் பாலி) புஷ் போடலாம் என்று படித்துவிட்டு வந்திருந்தார். நான் யோசிக்காமல் சொன்னேன்: "கேஎல் ரோட்டுக்கு ரப்பர்தான்மா."

அதற்குத்தான் அந்தக் கேள்வி. கூடவே, ஒவ்வொரு சக்கரத்தையும் பல தனித்தனிக் கம்பிகள் பிடிக்கும் மல்டிலிங்க் அமைப்பை வைத்து இன்னொன்றும் சொன்னார்: "மல்டிலிங்க்னா புஷ் நாலு பக்கமும் வளையணும், சரி. இதுல உள்பக்க புஷ் ஒரே அச்சுலதானேண்ணே சுத்துது? பாலி போட்டா எங்க இடிக்கும்?"

எங்கும் இடிக்காது. அவர் சொன்னது சரி.

நான் என் காரணங்களைச் சொன்னேன். ரப்பர் புஷ், உள் குழாயோடும் வெளி உறையோடும் ஒட்டியே வார்த்தது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொடுக்கும், எதுவும் உரசாது. பாலி அப்படி ஒட்டியிருக்காது, இரும்புக் குழாய் மேல் சுற்றும். அதற்குக் கிரீஸ் வேண்டும். நம் ஊர் மழையில் கிரீஸ் போய்விட்டால் கிரீச் கிரீச் என்று கத்தும். ரோட்டில் உள்ள ஒவ்வொரு ஒட்டும் முதுகில் தெரியும். இதில் எதுவும் பொய்யில்லை. ரப்பர் விற்பதில் எனக்குத் தனி லாபமும் இல்லை. எதைப் போட்டாலும் கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான்.

ஆனால் ராத்திரி படுத்த பிறகு ஒன்று தோன்றியது. கத்துகிற பாலியைத்தானே நான் பார்த்திருக்கிறேன்? கத்தாத பாலி எதற்கு என் பட்டறைக்கு வரப்போகிறது? நல்லபடியாகக் கிரீஸ் போட்டு மாட்டி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் காடிகள் இந்த ஊரில் எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்? கெட்டுப்போனதை மட்டும் பார்த்துக் கற்ற தொழில் இது. வைத்தியருக்கும் இதே கதிதான், நோயாளிதான் வருவான்.

வேலை முழுக்க அவர் கூடவே நின்றார். பின்பக்க லோவர் ஆர்மின் கேம் போல்ட்டு புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் தெளித்து, சூடு காட்டி, கடைசியில் அறுத்தே எடுத்தோம். டோவும் கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) அந்தப் போல்ட்டில்தான் சரி செய்ய வேண்டும் என்பதால் புதிது வரும்வரை காத்திருந்தோம். சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டின் அடியில் ஓடும் அந்த நீள போல்ட்டு மட்டும் நல்லவேளையாக அசைந்து கொடுத்தது. அது மாட்டிக்கொண்டால் ஒரு நாளே போய்விடும்.

மாட்டும்போது என்னிடம் இருக்கும் தம்பி, காடி ஹோய்ஸ்ட்டில் தொங்கும்போதே நட்டை இறுக்கப் போனான். நிறுத்தினேன். அவனுக்கும் சேர்த்து அந்தத் தங்கச்சிக்கும் காட்டினேன். வெள்ளை மார்க்கர் பேனாவால் புஷ்ஷின் முகத்தில் உள் குழாயிலிருந்து வெளி உறை வரை ஒரு நேர்கோடு போட்டேன். ஆர்ம் தொங்குகிறபடியே நட்டை இறுக்கினேன். பிறகு ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து, காடி தரையில் நின்றால் ஆர்ம் எங்கே இருக்குமோ அதுவரை தூக்கினேன். நேராக இருந்த கோடு ரப்பரின் மேல் சாய்ந்து இழுபட்டது. "இப்படியே ஓட்டினா, சும்மா நிக்கும்போதுகூட ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும். சீக்கிரம் கிழியும்" என்றேன். நட்டைத் தளர்த்தினேன், கோடு தானாக நேரானது. அதே உயரத்தில் வைத்து இறுக்கினோம். தங்கச்சி குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓ, இப்பப் புரியுதுண்ணே" என்றார்.

என்னை உறுத்துவது இதுதான். இந்தக் கோட்டை நான் கண்ணுக்கு எதிரே காட்டினேன். ரப்பர் விஷயத்தில் காட்டுவதற்கு என்னிடம் ஒரு கோடும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொன்னேன். முதல் நாளே அவர், "சரிண்ணே, நீங்க சொன்னா சரி" என்று விட்டுவிட்டார். அது என் காரணத்துக்குக் கிடைத்த சம்மதமா, என் நரைத்த தலைக்குக் கிடைத்த மரியாதையா? நம் பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் வளர்ந்தவர்கள். ஒருமுறை கேட்பார்கள், அவ்வளவுதான்.

அதே சமயம், எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் பட்டறை நடத்த முடியுமா? காடி கைக்கு வந்ததும் சத்தத்தை வைத்துச் சொல்வதும், ஸ்பானர் இறுகும் விதத்தை வைத்துச் சொல்வதும் அறிவில்லையா? பழக்கம் என்றாலே தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்படிச் சொல்லும்போதே, நான் என்னையே காப்பாற்றிக்கொள்கிறேனோ என்றும் படுகிறது.

பிறகு அதே மாடல் காடியோடு வேறொருவர் வந்தார். இந்த முறை இரண்டு பக்கத்தையும் சொன்னேன். நான் பார்த்ததெல்லாம் கெட்டுப்போன பாலிதான் என்பதையும் சொன்னேன். பாலி போட்ட காடி யாரிடமாவது இருந்தால் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பாஸ், உங்க காடியா இருந்தா எதப் போடுவீங்க? அதையே போடுங்க" என்றார். ரப்பர் போட்டேன். அவர் சந்தோஷமாகத்தான் போனார்.

தங்கச்சியின் காடி பின்பக்கம் இப்போது நேராக நிற்கிறது. உலு யாம் போய்வந்து, வளைவில் காலை எடுத்தாலும் காடி கோடு மாறவில்லை என்று போன் பண்ணினார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் புது பாலி போட்டிருந்தாலும் அது மாறியிருக்காது.

போன வாரம் மறுபடி பேசினார். "முன்பக்கத்துக்குப் பாலி வாங்கிட்டேண்ணே. போட்டுத் தருவீங்களா?" கொண்டுவாம்மா என்றேன். முன்பக்கம் பாலி, பின்பக்கம் ரப்பர் என்று கலப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நெகிழ்ந்து கொடுத்தால் அந்தக் காடியின் சமநிலை கெடும் என்று தோன்றுகிறது. ஓட்டிப் பார்த்ததில்லை. காடி செவ்வாய்க்கிழமை வருகிறது. அதைச் சொல்வதா, ஸ்பானரை எடுத்து வேலையை மட்டும் பார்ப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.