"சார், நாங்க பேசுறது கேக்குதா?"

எடுசாட் செயற்கைக்கோள் வழியாக வகுப்புகள் நடந்த காலத்தில், எங்கள் கல்லூரியில் அந்த வகுப்பறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் மின்னணுவியல் ஆசிரியர். அதனால் மொட்டை மாடி டிஷ்ஷில் தொடங்கி யூபிஎஸ் வரை எல்லாம் என் கைக்கு வந்தன. இப்போது எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஸ்மார்ட் வகுப்பறை என்று ஒன்றைத் திறந்து காட்டுகிறார்கள். படம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் பின்வரிசையில் இருக்கும் மாணவி ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் எழுந்து முன்னால் நடந்து வர வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் செயற்கைக்கோள் கல்விக்கு நீண்ட கதை உண்டு. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி நிகழ்ச்சிகள் போயின. பிரமாதமான வேலை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்க வழியில்லை. தொண்ணூறுகளில் இஸ்ரோ அந்தக் குறையைத் தீர்த்தது. படம் ஒரு வழி, ஒலி இரு வழி. ஆசிரியரை எல்லாரும் பார்ப்பார்கள். மாணவரின் குரல் மட்டும் அவருக்குத் திரும்பிப் போகும், பல இடங்களில் சாதாரணத் தொலைபேசி வழியாகவே. அப்புறம் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் எடுசாட் போனது. கல்விக்கென்றே நாம் அனுப்பிய முதல் செயற்கைக்கோள். அதில் ஒளிபரப்பைப் பெற மட்டும் முடிகிற மையங்களும் உண்டு, திருப்பிப் பேசக்கூடிய மையங்களும் உண்டு. எங்களுடையது பேசக்கூடிய மையம். நாங்கள் அதை டாக்பேக் அறை என்றே சொல்வோம்.

இதில் பாடத்தைவிட முதலில் புரிய வேண்டியது தாமதம். செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரல் மேலே போய்க் கீழே இறங்கவே கால் விநாடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. ஒலியைச் சுருக்கி விரிக்கும் கருவிகளும் தம் பங்குக்கு நேரம் எடுக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு விநாடியை ஒட்டி வந்துவிடும். காகிதத்தில் ஒன்றுமில்லை போலத் தெரியும். வகுப்பில் அது பெரிய இடைவெளி.

ஒரு மாணவி மைக் பட்டனை அழுத்தி, "சார், நாங்க பேசுறது கேக்குதா?" என்று தொடங்குகிறாள். அந்தக் குரல் ஸ்டுடியோவுக்குப் போய், மற்ற மையங்களும் கேட்பதற்காக ஒளிபரப்பில் கலந்து, எங்கள் அறை ஸ்பீக்கரிலேயே திரும்பி வரும். அவள் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போது முதல் வாக்கியம் காதில் விழும். தன் குரலே தாமதமாகக் கேட்டால் யாருக்கும் நாக்கு தடுமாறும். அவள் நிறுத்துவாள், "இல்ல சார்..." என்பாள், வகுப்பு சிரிக்கும், மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். நன்றாகப் படிக்கிற பெண். கேட்க வந்ததும் நல்ல கேள்வி. அது ஸ்பீக்கரின் கோளாறு என்று அவளுக்கு யார் சொல்வது? தன் ஆங்கிலம் சரியில்லை, தனக்குப் பேச வராது என்றுதான் நினைத்துக்கொள்வாள். அந்த அறையில் என்னை மிகவும் உறுத்திய விஷயம் இதுதான். ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்கில் புகுந்தால் இன்னும் மோசம். ஒரே ஊளைச் சத்தம்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு மாணவரை உட்கார வைத்தேன். மைக் பட்டன் அழுத்தப்பட்டதும் அவர் ஸ்பீக்கரை அடக்க வேண்டும். கேள்வி முடிந்து பட்டனை விட்டதும் ஏற்ற வேண்டும். ஸ்பீக்கர்களைத் திரைக்கு இருபுறமும் மாணவர்களைப் பார்த்தபடி வைத்து, மைக்கை அவற்றிலிருந்து தள்ளி நடுவரிசைக்குக் கொண்டுபோனோம். பேசும் முன் ஊர்ப் பெயர், தன் பெயர், அப்புறம் கேள்வி. பட்டனை அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும்; இல்லையென்றால் முதல் சொல் போய்ச் சேராது. கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளவும் சொன்னேன். தயங்குகிறவர்களுக்கு அந்தச் சீட்டு பெரிய துணை.

மறுமுனையில் இருந்த ஆசிரியர்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. "எனி டவுட்ஸ்?" என்று கேட்டுவிட்டு இரண்டு விநாடியில் அடுத்த ஸ்லைடுக்குப் போனால், எந்த மையத்தின் கையும் பட்டனைத் தொட்டிருக்காது. ஒருவர் மட்டும் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவர் வகுப்பில் கேள்விகள் நிற்கவே நிற்காது.

ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் வானொலிப் பள்ளி தொடங்கினார்கள். பறக்கும் மருத்துவச் சேவையின் வானொலியை வைத்து, தொலைதூரப் பண்ணைகளில் இருந்த குழந்தைகளுக்குப் பாடம். முதலில் ஒரு வழியாக நடந்த பாடத்தில், சீக்கிரமே கடைசியில் கேள்வி நேரத்தைச் சேர்த்துவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு எங்கள் அறையிலும் தேவைப்பட்டது அதே கேள்வி நேரம்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் கேயூ அலைவரிசைச் சிக்னல் மெலிந்து படம் கட்டம் கட்டமாக உடையும். அது இயற்கை, பொறுத்துக்கொள்ளலாம். டாக்பேக் பழுதானால் மாதக்கணக்கில் யாரும் சரிசெய்ய வராததைத்தான் பொறுக்க முடியவில்லை. படம் வருகிறதல்லவா, அது போதும் என்பார்கள். அந்த மாதங்களில் மாணவர் வருகை குறைந்ததை நான் பதிவேட்டில் பார்த்தேன். பேச முடியாத வகுப்பு டிவி நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. டிவியை அவர்கள் விடுதியிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

எடுசாட்டின் சேவை 2010-இல் முடிந்தது. இப்போது இணையம் வந்து தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது; எதிரொலியை மென்பொருளே பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. ஆனாலும் அறுபது பேர் அறைக்கு ஒரே மைக், அதுவும் ஆசிரியர் சட்டையில். எங்கள் கல்லூரியில் புதிதாக ஓர் அறை போடப் போகிறார்கள். வரிசைக்கு ஒரு மைக் வேண்டும், ஒலிச் சோதனையை மின்விசிறிகள் ஓட, மாணவர்கள் நிறைந்திருக்கும்போது செய்ய வேண்டும், கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவர் பேசி அது மறுமுனையில் தெளிவாகக் கேட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.