சித்தப்பாவும் காம்பு மிளகாயும்

போன சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா பிரியாணித் தட்டின் ஓரத்தில் எலும்பை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். நடப்பது புரட்டாசி, அதுவும் மூணாவது சனிக்கிழமை, உட்கார்ந்திருப்பது வீகன் ஓட்டலில். ஒதுக்கியதெல்லாம் பலாக்கொட்டையின் மேல்தோல்தான். ஆனாலும் அந்த ஒதுக்கலில் ஒரு நாற்பது வருஷ அனுபவம் தெரிந்தது. பக்கத்து மேசைப் பெண் திரும்பித் திரும்பிப் பார்க்க, சித்திக்குத்தான் மானம் போனது.

சித்தப்பாவின் காலண்டர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. அதுவே வருஷத்துக்கு 156 நாள். புரட்டாசியின் மிச்சக் கிழமைகள், அமாவாசை, கிருத்திகை எல்லாம் சேர்ந்தால் பாதி வருஷம் தாண்டிவிடும். மீதி நாளில் வட்டியும் முதலுமாக வசூல். ஐப்பசி முதல் ஞாயிறு விடிவதற்கு முன்னால் காசிமேட்டு மீன் சந்தையில் கூடையோடு நிற்கிற கூட்டத்தில் முதல் தலை அவருடையது. 'பகுதிநேர அசைவம்' என்று சொன்னால் கோபம் வரும். "பகுதிநேர சைவம்னு சொல்லுங்கடா" என்பார்.

இந்த ஓட்டல் யோசனை சித்தப்பாவின் பெண் பாப்பாவுடையது. பெங்களூரில் ஆறு மாசம் இருந்துவிட்டு வீகனாகத் திரும்பி வந்திருக்கிறாள். வந்த அன்றே பட்டுப்புழுவை வெந்நீரில் போடுகிற கதையைச் சொல்லி, சித்தியின் பீரோவையே துக்க வீடாக்கிவிட்டாள். ஓட்டல் பலகையில் வீகனுக்குத் தமிழில் 'நனிசைவம்' என்று எழுதியிருந்தது. சித்தப்பா நன்னூல் படித்தவர். "சால, உறு, தவ, நனி, கூர், கழி, எல்லாமே மிகுதி. சைவத்துல மிகுதின்னா நெய்யைத் தாராளமா ஊத்துவான்" என்று முதல் ஆளாக உள்ளே போனார்.

நெய் இல்லை. தயிர் இல்லை, மோர் இல்லை, பால் இல்லை, தேனும் இல்லை. உயிர்களிடமிருந்து வருகிற எதுவும் வீகனில் ஆகாது. பழநிப் பஞ்சாமிர்தமே இந்தக் கடையில் தேறாது. பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட் எல்லாம் சுத்தம் என்று அவர் இத்தனை நாள் நம்பியிருந்தார். பாலுக்கும் வெண்ணெய்க்கும் அந்தப் பச்சைப் புள்ளிதான். வீகன் சாமானுக்குத் தனி விதி 2022-ல்தான் வந்தது; பச்சையில் ஒரு 'வி', அதன் தலையில் ஒரு இலை. பாப்பா அதைக் காட்டினபோது, பரீட்சை முடிந்தபிறகு பாடத்திட்டம் மாறின பையன் மாதிரி முழித்தார்.

சரி, பிரியாணிக்கு வருவோம். பலாக்காயில் பிரியாணி போடுவது தப்பில்லை. காய் முற்றியிருந்ததுதான் தப்பு. பலாமூசு பதத்தில், கொட்டைக்குத் தோல் கட்டுவதற்கு முன்னால் வாங்க வேண்டும். கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அந்தப் பிசின் ரெண்டு நாளைக்கு விடாது. துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து முக்கால் வேக்காடு வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து, எண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்தபிறகுதான் மசாலாப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கறி மாதிரியே பச்சையாக மசாலாவில் ஊறப்போட்டால் காரம் வெளியில் நிற்கும், உள்ளே வெறும் நார். கறியாவது தன் கொழுப்பை விட்டு அரிசிக்கு ருசி கொடுக்கும். பலாக்காயிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அதனால் எண்ணெயும் சிவந்த வெங்காயமும் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு போகவேண்டும். அந்த ஓட்டலில் எண்ணெயைக் குறைத்து 'ஆரோக்கியம்' என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். ஆரோக்கியம் பேசுகிறவர்கள் இதையும் அச்சடிக்கலாம்: நூறு கிராம் பலாக்காயில் புரதம் ரெண்டு கிராம் சுற்றித்தான் இருக்கும். கறிக்குப் பதில் என்று நம்பிச் சாப்பிட்டால் நாலு மணிக்குப் பசிக்கும். சித்தப்பாவுக்கு மூன்றரைக்கே பசித்தது.

அடுத்து வந்தது டோஃபு (சோயாப் பாலைத் திரித்து எடுக்கிற கட்டி) பொடிமாஸ். தட்டு மேசையைத் தொடவில்லை, சித்தப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

"தம்பி, இது முட்டை."

"இல்ல சார், டோஃபு."

"புரட்டாசி சனிக்கிழமை தம்பி. பெருமாள் சத்தியமா சொல்லு."

அந்தப் பையன் வடகிழக்கிலிருந்து வந்தவன். பெருமாளைத் தெரியாத நிலையிலும் சத்தியம் செய்தான், பாவம்.

மூக்கு சொன்னது பொய்யில்லை. அது கருப்பு உப்பின் வேலை. காலா நமக் என்று வடநாட்டு மளிகையில் கேட்டால் கிடைக்கும். நம்ம இந்துப்பு வேறு, இது வேறு. இதில் கந்தகச் சத்து இருக்கிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது வருகிற வாசனையும் கந்தகத்தால்தான். 200 கிராம் டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவியை அரைமணி நேரம் பாரம் வைத்து நீரை எடுத்து, உதிர்த்து, வெங்காயம் பச்சைமிளகாயோடு பிரட்டி, அடுப்பை அணைத்தபிறகு கால் டீஸ்பூன் தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் வாசனை சூட்டில் பறந்துவிடும். அந்தச் சமையல்காரர் சரியாகக் கடைசியில்தான் தூவியிருக்கிறார். மொத்த மத்தியானத்தில் சரியாகச் செய்த ஒரே ஐட்டம் அதுதான், அதைத்தான் சித்தப்பா தொடவேயில்லை. மூக்கால் விரதம் முறிந்ததா இல்லையா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது.

கடைசியில் காபி. பித்தளை டபரா டம்ளரெல்லாம் அழகாகத்தான் இருந்தது. சித்தப்பா ஒரு ஆற்று ஆற்றினார், உள்ளே பார்த்தார், பையனைக் கூப்பிட்டார். "திரிஞ்சிருக்கு தம்பி." இன்னொன்று வந்தது, அதுவும் திரிந்திருந்தது. சோயாப் பால் அப்படித்தான். டிகாஷனில் கொஞ்சம் புளிப்பு உண்டு, கூடவே கொதிசூடு. ரெண்டும் ஒன்றாகத் தாக்கினால் சோயாப் புரதம் திரண்டுகொள்ளும். எலுமிச்சை பிழிந்து டோஃபு உறைய வைப்பதும் இதே வித்தைதான். வேண்டாம் என்று தள்ளிய டோஃபு, டம்ளரில் வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவே. காலையில் இறக்கிய டிகாஷனாக இருந்தால் புளிப்பு இன்னும் கூடுதல். புது டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, கொதிக்காமல் சுடவைத்த பாலில் மெல்ல ஊற்ற வேண்டும். பாலை டிகாஷனில் கொட்டக்கூடாது. அப்படியும் பயமிருந்தால் டிகாஷனில் ஒரு சிட்டிகை சோடா உப்பு, கண்ணுக்குத் தெரியாத அளவு. கூடினால் சோப்புத் தண்ணீர்தான். ஓட்ஸ் பால் அவ்வளவு லேசில் திரியாது, ஆனால் கொதிக்கவிட்டால் கஞ்சி மாதிரி குழகுழக்கும். பில் மட்டும் எதிலும் திரியாமல் ஆயிரத்து எண்ணூறுக்கு வந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா பேசவில்லை. தயிர் இல்லாமல் சாப்பாடு முடிந்ததே, அதுதான் துக்கம். சித்தி சும்மா இருக்காமல், "தோசை, புளியோதரை, வத்தக்குழம்பு எல்லாம் இவங்க கணக்குல வீகன்தானாம், அதுக்கு எதுக்கு ஆயிரத்து எண்ணூறு?" என்று ஆரம்பித்தாள். யாரும் பதில் சொல்லவில்லை.

ராத்திரி பாப்பா வீகன் தயிருக்காக ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை ஊறப்போட்டாள். காலையில் தோலை உரித்து (உரிக்காவிட்டால் துவர்க்கும்), மூணு டம்ளர் தண்ணீர் விட்டு மைய அரைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே பத்து நிமிஷம் கொதிக்கவிட்டாள். விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறினதும் அதில் எட்டு மிளகாய்க் காம்பு. காம்பில் இயல்பாகவே இருக்கிற பாக்டீரியாதான் உறைக்கு நிற்கிறது. சூடு அதிகமாக இருந்தால் அது செத்துவிடும். மூடிவைத்தபின் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாத்திரத்தை அசைக்கக்கூடாது. சித்தப்பா நாலு தரம் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

முதல் ஈடு தளர்வாக, கடலை வாசனையோடுதான் இருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றின ரெண்டாவது ஈடு கெட்டியாக விழுந்தது. உப்பு, பெருங்காயம், கடுகு தாளித்துச் சாதத்தில் பிசைந்து கொடுத்தாள். சித்தப்பா வாயில் வைத்து, ரொம்ப நேரம் மென்று, "மோசமில்ல" என்றார். அவர் பி.எட். பாஸானபோது தாத்தா சொன்ன வார்த்தையும் அதுதானாம்.

இன்று காலை காய்கறி வண்டிக்காரரிடம் சண்டை. நூறு கிராம் மிளகாயைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"காம்பு இல்லாததையெல்லாம் நீயே வச்சிக்கப்பா. பொண்ணு நாளைக்கு ஊருக்குப் போறா. காம்போட இருக்கறதா பார்த்து ஒரு கால் கிலோ போடு."